ட்ரூ, ஃபால்ஸ், மஞ்சள் ட்ரே

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளியில் படிக்கும்போதே டீச்சர்கள் என் காலைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். அது தானாக ஆடிக்கொண்டிருக்கும். கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை என்பதால் அந்தக் காலால் எனக்குத் தொந்தரவு இருந்ததில்லை. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது எனக்கு எதிரியானது. ஒரு பக்க நீளத்துக்கு ஒரு கட்டுரை, அதன் கீழே கேள்விகள், கூடவே ஓடுகிற கடிகாரம். கட்டுரை தேனீக்களைப் பற்றியதாக இருக்கும். கண் தேனீக்களின் மேல் இருக்கும், கால் கம்பெனி பஸ்ஸின் தகரத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும், மனசோ பக்கத்து சீட்டில் இருப்பவள் எந்தக் கேள்வியில் இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து சீட்டுக்காரி என்னோடு ஒரே கம்பெனியில், ஒரே வேலையில் இருந்தவள். சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி போகிற வழியில் எங்கள் கம்பெனி. வண்டிகளுக்கான பம்ப் உறுப்புகள் செய்கிறோம். நாங்கள் இருவரும் கடைசிப் பரிசோதனையில் இருந்தோம். அதாவது, பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்துப் பார்த்து, நல்லது கெட்டது சொல்கிறவர்கள். நான் பக்கத்துப் பேரிகை கிராமத்துக்காரி. கல்யாணமாகி ஓசூரில், மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர். மூக்கண்டப்பள்ளியிலேயே வேறு சில பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே 'ஏட்டி' என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர்கள் ஊரில் அது பிரியமாகக் கூப்பிடுவது என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். தாய்க் கம்பெனி இருக்கிற நாட்டுக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பப் போகிறார்கள், திரும்பி வந்ததும் அந்த ஆள்தான் பரிசோதனைப் பிரிவுக்கு இன்சார்ஜ் என்றார். விசாவுக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், இரண்டு பேரும் எழுதுங்கள், ஆனால் இடம் ஒன்றுதான் என்றார்.

"யாரை சார் அனுப்புவீங்க?" என்று நான் உடனே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ரீடிங்ல யாருக்கு மார்க் ஜாஸ்தியோ அவங்களை. ஸ்பீக்கிங் எல்லாம் அங்க போனா தானா வந்துடும்மா. கஸ்டமர் மெயிலைத் தப்பாப் படிச்சா கன்டெய்னரே திரும்பி வரும்."

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டிப்ளமோ முடித்த கையோடு இந்த மேசைக்கு வந்தவள் நான். ஒவ்வொரு வருடமும் காலேஜ் முடித்த பையன்கள் டையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அளவு பார்க்கிற கேஜை எப்படிப் பிடிப்பது, எந்த வெளிச்சத்தில் எதைப் பார்ப்பது என்று நான் சொல்லிக் கொடுப்பேன். கற்றுக்கொண்டதும் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து, என்னை விரலால் கூப்பிடுவார்கள். அந்தக் கண்ணாடி அறையின் நாற்காலி எனக்கு வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு அது வெறியாகவே இருந்தது.

அவளுக்கும் வேண்டும். அன்று மாலை பஸ்ஸில் அவளே சொன்னாள். ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கடை வைத்திருக்கிறவர், பெண் வேலைக்குப் போகத் தேவையில்லை, கடையில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். "இந்த இடம் கிடைச்சா ஒரு வருசம் தள்ளிப் போடலாம்லா. அதுக்குள்ள அவன் வேற பொண்ணைக் கெட்டிருவான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டியாளர்கள் ஒன்றாகப் படிப்பார்களா என்று கேட்கலாம். வேறு வழியில்லை. என்னிடம் புத்தகம் இருந்தது, அவளிடம் ஆங்கிலம் இருந்தது. பெங்களூர் நடைபாதையில் என் வீட்டுக்காரர் வாங்கி வந்த பழைய பயிற்சிப் புத்தகம் அது. முன்னால் வைத்திருந்த யாரோ பாதி விடைகளைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள், அதிலும் முக்கால்வாசி தப்பு. அவள் கான்வென்டில் படித்தவள். கடினமான வார்த்தைக்கெல்லாம் பட்டென்று அர்த்தம் சொல்வாள். எனக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். பேசத் தெரிந்த மூன்றில் ஒன்றைத்தான் படிக்கத் தெரியும். ஆங்கிலமோ கம்பெனியில் சேர்ந்த பிறகு டிராயிங்கையும் போர்டையும் பார்த்துப் பார்த்து வந்தது. கான்வென்ட்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டும்.

கம்பெனி பஸ் மூக்கண்டப்பள்ளியில் எங்களை ஏற்றியதும் புத்தகத்தை இருவர் மடியிலும் பாதிப் பாதியாக விரித்துக்கொள்வோம். செல்போனில் நேரம் ஓடும். பஸ் ஒரு குழியில் இறங்கினால் வரி மாறிவிடும். நான் மேலிருந்து தொடங்கி, பாதியில் பொறுமை போய், கடைசிப் பத்திக்குத் தாவி, அங்கிருந்து கேள்விக்குத் தாவி, மறுபடி மேலே வருவேன். அவள் ஒரே சீராகப் படித்துக்கொண்டே போவாள். அவள் பக்கத்தைத் திருப்பும்போது நான் திருப்பத் தயாராக இருக்க மாட்டேன். "திருப்பட்டுமாட்டி?" என்பாள். "திருப்பு, திருப்பு" என்பேன், பாதி புரியாமலே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய ஆட்கள் பின் சீட்டில் தூங்குவார்கள். பாலம் வேலை நடக்கிற இடத்தில் வண்டி நின்றால் நெடுநேரம் நகராது. மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள், எங்களுக்கு அது கூடுதல் நேரம். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "கலெக்டர் பரீட்சையாம்மா?" என்று கேலி செய்வார். அவள் பதில் சொல்வாள். நான் அந்த இடைவெளியில் ஒரு கேள்வியை முந்திக்கொள்ளப் பார்ப்பேன்.

மற்ற கேள்விகளில் இருவரும் மெல்ல மெல்ல ஏறினோம். ஒரு வகைக் கேள்வி மட்டும் இருவரையும் ஒரே மாதிரி குழியில் தள்ளியது. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். கட்டுரை அதை ஆமாம் என்கிறதென்றால் ட்ரூ. இல்லை என்கிறதென்றால் ஃபால்ஸ். கட்டுரை அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையென்றால் நாட் கிவன். கேட்பதற்கு இது சின்னக் குழந்தை விளையாட்டுப் போல இருக்கும். எங்களுக்கு அந்த மூன்றாவது விடை கண்ணிலேயே படவில்லை.

ஒரு நகரத்து மணிக்கூண்டைப் பற்றிய கட்டுரை நினைவிருக்கிறது. யார் கட்டினார், கல் எங்கிருந்து வந்தது, கடிகாரம் ஏன் நின்றது, எல்லாம் இருந்தது. மணிக்கூண்டைக் கட்டியவர் உள்ளூர்க்காரர் என்பது கீழே இருந்த வாக்கியம்.

"ஃபால்ஸ்" என்றாள் அவள்.

"ஃபால்ஸ்தான்" என்றேன் நான்.

பின்பக்கத்து விடைகளைத் திருப்பினால் நாட் கிவன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது எப்படிட்டி? உள்ளூர்க்காரன்னா எழுதிருப்பாம்லா? எழுதல. அப்ப வெளியூர்க்காரன்தான?"

எனக்கும் அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. பட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வரும். ஆடிட்டர் மெஷின் பக்கம் போய்ப் பார்ப்பதைவிடத் தாளைத்தான் பார்ப்பார். காலையில் அளவு பார்த்தாயா என்பார், பார்த்தேன் என்போம். தாளில் காட்டு என்பார். எழுத மறந்திருந்தால் போச்சு. எழுதலைன்னா நடக்கலை, அவ்வளவுதான். சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம் அது. அதனால் கட்டுரையில் எழுதாதது எங்களுக்கு நடக்காதது. நடக்காதது என்றால் ஃபால்ஸ். புத்தகம்தான் தப்பு என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். எங்கள் இருவருக்கும் இடையே போட்டி இல்லாமல் இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆனால் மார்க் ஏறவில்லை. ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் அந்த வகைக் கேள்விகள் எங்களைக் கீழே இழுத்தன. என் வீட்டுக்காரர் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர், அமைதியான மனுஷன். அவரிடம் புத்தகத்தை நீட்டி விளக்கம் கேட்டேன். பார்த்துவிட்டு, "சொல்லாததைச் சொல்லலைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன்.

தேர்வு நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் கை ஓடும், மனசு அந்தக் கண்ணாடி அறையையே சுற்றும். எதிர் மேசையில் அவள் நிதானமாக கேஜை எடுப்பாள், வைப்பாள். என்னைவிடச் சரளமாக அவளுக்கு ஆங்கிலம் வருகிறது, தேர்விலும் முந்திவிடுவாள், நான் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பேன், அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏட்டி என்று கூப்பிடுவாள். இப்படியே ஓடும். இவளை எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை, இவள் காய்ச்சலில் படுத்தால் தேவலை என்று நினைத்ததும் உண்மை. இரண்டும் ஒரே நாளில், சில சமயம் ஒரே பஸ் பயணத்தில்.

அப்படி இருந்த ஒரு காலை ஷிப்டில்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் மேசையில் மூன்று ட்ரே உண்டு. நல்லது பச்சையில். கெட்டது சிவப்பில். முடிவு சொல்ல முடியாதது மஞ்சளில். அதை இன்ஜினியர் வந்து பார்ப்பார். சட்டம் அப்படி. நடைமுறை வேறு. சிவப்பில் போனால் திட்டு மெஷின்காரர்களுக்கு. மஞ்சளில் சேர்ந்தால் திட்டு எங்களுக்கு, "கண்ணு எதுக்கும்மா இருக்கு, முடிவெடுக்கத் தெரியாதா?" என்பார்கள். அதனால் சந்தேகம் வந்தால் நாங்கள் யோசிப்பதே இல்லை, சிவப்பில் வீசிவிடுவோம். மஞ்சள் ட்ரே பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். டீ கப் வைப்பதற்குத்தான் அது வசதி.

அன்று ஒரு உறுப்பு கையில் வந்தது. அளவு சரியாக இருந்தது. கேஜில் துளைக்குள் போகவேண்டிய முனை போனது, போகக்கூடாத முனை போகவில்லை. ஆனால் உள்சுவரில் முடி மாதிரி ஒரு கோடு. விரிசலா, வெட்டும்போது விழுந்த தடமா, தெரியவில்லை. விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கை வழக்கம்போலச் சிவப்பு ட்ரேக்குப் போனது. பாதியில் நின்றுவிட்டது. இது கெட்டது என்று எனக்கு எது சொன்னது? எதுவும் சொல்லவில்லை. நல்லது என்றும் எதுவும் சொல்லவில்லை. இந்த உறுப்பைப் பற்றி என் கையில் தகவல் இல்லை, அவ்வளவுதான். தகவல் இல்லாததை நான் கெட்டது என்று வீசிக்கொண்டிருக்கிறேன்.

மணிக்கூண்டைக் கட்டியவன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் உள்ளூர்க்காரனுமில்லை, வெளியூர்க்காரனுமில்லை. அவன் மஞ்சள் ட்ரேயில் கிடக்க வேண்டியவன். டீ கப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த உறுப்பை மஞ்சளில் வைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். நிமிர்ந்தால் எதிரில் அவள்.

வாயை மூடிக்கொண்டேன். நன்றாக யோசித்துத்தான் மூடினேன். அவளுக்கு ஆங்கிலம் இருக்கிறது, எனக்கு இது இருக்கட்டும். இதை நான் கண்டுபிடித்தேன். இதைச் சொன்னால் நாற்காலியையே தூக்கிக் கொடுத்த மாதிரி. சொல்லாதே, சொல்லாதே என்று ஷிப்ட் முடியும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டில் அவள் கருவாட்டுக் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினாள். அதைச் சாப்பிடும்போதும் சொல்லக்கூடாது என்பதில் உறுதியாகத்தான் இருந்தேன்.

மாலை பஸ்ஸில் புத்தகத்தை விரித்தோம். திமிங்கிலங்களைப் பற்றிய கட்டுரை. நான் அந்த வகைக் கேள்விகளை விறுவிறுவென்று போட்டுவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன். அத்தனையும் சரி. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அவள் பென்சிலால் ஃபால்ஸ், ஃபால்ஸ் என்று எழுதிக்கொண்டு போனாள். ஒன்று தப்பு. அடுத்ததும் தப்பு. மூன்றாவதிலும் பென்சில் ஃபால்ஸ் என்று எழுதப் போனபோது என் கால் ஆடுவதை நிறுத்திவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்புடி!" என்றேன்.

நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. கெட்ட உறுப்பு பச்சை ட்ரேக்குப் போவதைப் பார்த்தால் எங்கள் கை தானாகப் பறந்து பிடிக்கும். அந்த மாதிரி.

"என்னட்டி தப்பு?"

"அது ஃபால்ஸ் இல்லடி. மஞ்ச ட்ரே."

"என்ன ட்ரே?"

"கட்டுரையில ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. நீ எதுக்கு அதை எடுத்து ரெட்ல வீசுற? நாம என்னைக்கும் அப்படியே வீசிக்கினு இருக்கோம், அதான் இங்கயும் வீசுறோம். மஞ்ச ட்ரேல வை, விடு."

அவள் பென்சிலைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். முதல் இரண்டு விடைகளை அழித்தாள். "ஓ" என்றாள். ஓசூர் வரும்வரை அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என் வாயை நினைத்து நொந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. யார் எது சொன்னாலும் மூன்று ட்ரேயில் ஒன்றில் போட ஆரம்பித்தேன். வீட்டு ஓனரம்மா, "இவத்து நீரு பரல்லம்மா" என்று கன்னடத்தில் சொன்னால், தண்ணீர் வராது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று குழாயைத் திறந்து பார்ப்பேன். வீட்டுக்காரர், "நீ போனா நான் சமாளிச்சுப்பேன்" என்றார். அது ட்ரூவா ஃபால்ஸா என்று அவர் முகத்தையே பார்த்தேன். "என்னா அப்டி பாக்கற?" என்றார். மஞ்சளில் வைத்தேன். பேரிகையிலிருந்து அம்மா போன் செய்து, எல்லாரும் நல்லா இருக்கோம் என்றால் அதுவும் மஞ்சள். மண்டை ஓயவே இல்லை. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் வீட்டுக்காரர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார்.

அவளோ சரசரவென்று ஏறிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் ஏற்கெனவே இருந்தது. இடித்துக்கொண்டிருந்த ஒன்றும் விலகிவிட்டது. பயிற்சித் தாளில் என்னை எட்டிப் பிடித்தாள், பிறகு சில நாள் முந்தினாள், சில நாள் நான் முந்தினேன். இருவரும் மார்க்கைச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். பென்சிலைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம், அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகள் மாதிரி.

தேர்வு பெங்களூரில். இருவரும் சேர்ந்துதான் போனோம். அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்தே டிராஃபிக். நான் வழியெல்லாம் போனில் மணி பார்த்துக்கொண்டே வந்தேன். "பாத்தா மட்டும் பஸ் பறக்குமாட்டி?" என்று அவள் என் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் உள்ளங்கையும் ஈரமாகத்தான் இருந்தது. தேர்வு அறையில் எங்களை வெவ்வேறு வரிசையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. மல்லிகைப்பூ வைத்திருந்தாள்.

படிக்கிற பகுதியில் முதல் கட்டுரை சுலபம். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தக்காளி. ஏதோ குளிர் நாட்டில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்ப்பதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். பேரிகைக்காரிக்குத் தக்காளியா? எங்கள் அப்பா வருடம் தவறாமல் தக்காளி போடுகிறவர். நாற்று நட்டு, குச்சி கட்டி, பறித்து, கிரேட்டில் அடுக்கி ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்றிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடமே போவேன். கடவுளே எனக்காகத் தாள் தயாரித்தார் என்று நினைத்தேன்.

அதுதான் என்னைக் கவிழ்த்தது. அந்த வகைக் கேள்விகள் அங்கேதான் வந்தன. பழம் முழுதாகச் சிவக்கும் முன்பே பறிப்பதை விவசாயிகள் விரும்புகிறார்கள் என்று ஒரு வாக்கியம். விரும்பாமல்? செங்காயாகப் பறித்தால்தான் லாரியில் தாங்கும். முழுப் பழத்தைப் பறித்து ஏற்றினால் சாறாகத்தான் போய்ச் சேரும். இதைச் சொல்லாத தக்காளிக் கட்டுரை உண்டா? கட்டாயம் எங்கோ இருக்கிறது என்று தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கூடாரத்துச் சூடு பற்றி இருந்தது, லாரி பற்றிக்கூட இருந்தது, பறிக்கிற பக்குவம் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. எழுதியவன் தக்காளியைத் தட்டில் மட்டும் பார்த்தவன் என்று நினைத்தேன். கால் மேசையின் அடிக்கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது, மேற்பார்வைக்கு நின்ற பெண் வந்து ஜாடை காட்டினாள். கடிகாரம் ஓடியது. அடுத்த வாக்கியமும் அப்படியே, எனக்குத் தெரிந்தது, கட்டுரையில் இல்லாதது. மஞ்சள் ட்ரேயைக் கண்டுபிடித்தவளே நான்தான். ஆனால் அப்பா வயலில் கண்ணால் பார்த்ததை, கையால் பறித்ததை, தகவல் இல்லை என்று எப்படிப் போடுவது? கை வரவில்லை. ட்ரூ என்று போட்டேன். இரண்டுக்கும். கடைசிக் கேள்விகளுக்கு அவசரத்தில் எதையோ அமுக்கினேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம்.

"தக்காளி பறிக்கிற கேள்விக்கு என்ன போட்ட?" என்றாள்.

"ட்ரூ. நீ?"

அவள் டீயை ஊதினாள். "மஞ்ச ட்ரே."

நான் டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

"நாங்க உப்பளத்துக்காரங்க. தக்காளியைப் பத்தி எனக்கு என்னட்டி தெரியும்? அவன் எழுதுனதை மட்டும் பாத்தேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம்.

ரிசல்ட் வரும்வரை வேலையில் நான் செய்த தப்புகளுக்கு அளவில்லை. நல்ல உறுப்பைச் சிவப்பில் போட்டேன். டீ கப்பில் கேஜைப் போட்டேன். போன் அதிரும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். பார்த்தால் கேஸ் புக்கிங் மெசேஜ். அவளும் நிதானத்தை இழந்திருந்தாள். பஸ்ஸில் புத்தகம் இல்லாமல் இருவருக்கும் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஊரிலிருந்து அவளுக்குப் போன் மேல் போன் வந்தது, எடுக்காமல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

ரிசல்ட் காலை பஸ்ஸில் வந்தது. சூளகிரி மலை தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இருவர் போனும் அடுத்தடுத்து அதிர்ந்தன. நான் என்னுடையதைத் திறந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது, நான் நினைத்ததைவிட நன்றாக. ஒரு நொடி தெம்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போனை மடியில் வைத்துக் கையால் மூடியிருந்தாள். கையை நகர்த்திப் பார்த்தேன். ரீடிங்கில் என்னைவிட அரை மார்க் கூட.

அரை மார்க்தான். அந்தத் தேர்வில் இரண்டு கேள்வி தப்பானாலே அரை மார்க் போய்விடும், அந்தத் தக்காளி இரண்டுதான். வாழ்த்து சொல்ல வேண்டும் என்று தெரியும், வாய் வரவில்லை. என்றைக்கும் சும்மா இருக்காத வாய், அன்றைக்கு வரவில்லை. வந்தது வேறு. "எனக்கு வயிறு எரியுதுடி" என்றேன்.

"எரியும்லா" என்றாள்.

"ஆனா நீ போ. அந்தக் கடைக்காரனுக்கு நீ வேணாம்."

அவள் சிரிக்கவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் பாலத்துக்குக் கீழே நின்றது. பின்னால் யாரோ அலுத்துக்கொண்டார்கள்.

"நீ அன்னைக்கு ஏன் சொன்ன?" என்றாள்.

"எதை?"

"மஞ்ச ட்ரேயை. சொல்லாம இருந்தா நான் இன்னைக்கும் எல்லாத்துக்கும் ஃபால்ஸ்தான் போட்டுருப்பேன். நீதான் போயிருப்ப. உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பெறவு ஏன் சொன்ன?"

கோபமாகக் கேட்டாள். ஜெயித்தவள் அவள், கோபமும் அவளுக்கே. "தப்பா போட்டுக்கினு இருந்தியே, பார்த்துட்டு சும்மா இருக்க முடியல" என்றேன். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை, இப்போதும் இல்லை.

பஸ் மெல்ல நகர்ந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"நானா இருந்தா சொல்லிருக்க மாட்டேன்ட்டி."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது. அவள் சொல்கிறவரைக்கும் தெரியாது.